பொருள் எண் ஐந்து

கருத்தக்கண்ணன் தன் மகனைக் கடைசியாக மடியில் வைத்திருந்தது அழகர்கோவில் பஸ்ஸில்தான். மகனுக்கு வயது இருபத்து நாலு. அவனை அரசாங்கம் ஒரு சதுரப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, வெள்ளைத் துணியால் சுற்றித் தைத்து, ஐந்து இடத்தில் அரக்கு முத்திரை வைத்திருந்தது. டின்னைக் கொண்டுபோக வேண்டிய கான்ஸ்டபிள் ஜன்னலோரம் உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனார். டின் அவர் முழங்காலிலிருந்து சரிந்தது. பக்கத்தில் இருந்த கருத்தக்கண்ணன் அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் உள்ளே உருண்டது. உருளாமல் இருக்க அவர் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். மதுரை வந்து, பஸ் மாறி, பசுமலையில் இறங்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை. காவல்துறைக் குறிப்பில் மட்டும், பொருள் காவலரின் இமைகொட்டாத பாதுகாப்பில் கொண்டுசெல்லப்பட்டது என்று இருக்கிறது.

அது மகன் விருமாண்டிதான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. எழுபத்தொன்பதாம் வருஷம் ஆடிப் பௌர்ணமிக்கு டி. கல்லுப்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து கூட்டமாக அழகர்கோவில் போனார்கள். பதினெட்டாம்படிக் கருப்பனுக்குச் சந்தனம் சாத்தியதும் இளவட்டங்கள் மலைமேல் தீர்த்தமாடப் போனார்கள். ஏறியவர்கள் பதினோரு பேர், இறங்கியவர்கள் பத்துப் பேர். விருமாண்டிக்குக் கல்யாணமாகி அப்போது ஐந்து மாதம். தேடாத இடமில்லை. தை மாதத்தில், விறகு பொறுக்கப் போன பெண்கள் ஒரு பள்ளத்தில் மண்டை ஓடும் மூன்று எலும்பும் வேட்டிக் கிழிசலும் கிடப்பதாக வந்து சொன்னார்கள்.

மலையடிவாரக் காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் மேஜைமேல் செய்தித்தாளை விரித்து அதை வைத்திருந்தார். கருத்தக்கண்ணன் ஒரே ஒரு தடவை பார்த்தார். மேல்வரிசையில் முன்பல் ஒன்று பாதியாக இருந்தது.

"இவன்தான் சாமி. எம் மகன்தான். குடுங்க, கொண்டுபோயி மண்ணுல வச்சிர்றேன்."

"பல்லைப் பாத்துட்டு மகன்ங்கிறீரு. ஊருல வேற எவனுக்கும் பல்லு உடைஞ்சதில்லையா?"

"இந்தப் பல்லை உடைச்சதே நான்தான் சாமி."

சப்-இன்ஸ்பெக்டர் சட்டென்று பேனாவைத் திறந்தார். "எப்ப உடைச்சீரு? எதைக் கொண்டு உடைச்சீரு? கூட யார் யாரு இருந்தா?"

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி என்று தெரிந்ததும் பேனாவை மூடிவிட்டார். அவருக்கு அந்தச் சம்பவத்தில் ஒன்றுமில்லை. கருத்தக்கண்ணனுக்கோ அதைவிடப் பெரிய சம்பவம் வாழ்க்கையில் கிடையாது. மாட்டைப் பருத்திக்காட்டில் மேயவிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் தூங்கிய பயலின் மேல், வந்த கோபத்தில் மாடு ஓட்டும் தார்க்குச்சியை வீசினார். மாட்டின்மேல்கூட அப்படி வீசியதில்லை. அது போய் வாயில் பட்டது. பயல் அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, "நான் மாட்டைப் பத்திட்டு வாரேன்பா" என்று எழுந்து போனான். அன்றிலிருந்து அந்தப் பாதிப் பல்லைப் பார்க்கும்போதெல்லாம் தகப்பனுக்குச் சோறு இறங்காது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"கண்ணால பாத்துச் சொல்றது அந்தக் காலம் பெரியவரே," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "இப்ப விஞ்ஞானம் சொல்லணும். சொன்ன மறுநாள் எலும்பை நீரு வாங்கிக்கிரலாம்."

விஞ்ஞானம் பசுமலை அடிவாரத்தில் ஒரு வாடகை பங்களாவில் இருந்தது. வட்டாரத் தடய ஆய்வுக்கூடம் என்று பெயர். வாசலில், 'தொட்டது எதுவும் தடயமே' என்று நீலப் பலகையில் எழுதியிருந்தது. பலகைக்குக் கீழே உதவியாளர் வெள்ளைத்துரை ஒரு தடித்த பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பார். உள்ளே வரும் எந்தப் பொருளும் அந்தப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். வரிசை எண், பொருளின் பெயர், கொடுத்தவர், பொருளுக்கும் கொடுத்தவருக்கும் உள்ள உறவு என்று நாலு கட்டம். ஒரு கட்டமும் காலியாக இருக்கக்கூடாது என்பது விதி. பக்கம் நிறைந்ததும் துணை இயக்குநர் கையெழுத்துப் போடுவார்.

வெள்ளைத்துரை எலும்புகளுக்கும் கிழிந்த வேட்டிக்கும் ஒன்றிலிருந்து நாலுவரை எண் போட்டார். மண்டை ஓடு பொருள் எண் ஐந்து. கொடுத்தவர், கான்ஸ்டபிள். உறவு என்ற கட்டத்தில், காவலர் என்று எழுதினார்.

"அய்யா, அந்தக் கட்டத்துல என்னைய எழுதுங்க," என்றார் கருத்தக்கண்ணன். "நான் தகப்பன்."

"நீங்க குடுக்கலையேண்ணே. குடுத்தவருக்குத்தான் அந்தக் கட்டம்."

"மடியில வச்சுக் கொண்டாந்தது நான்தான்யா."

கான்ஸ்டபிள் தொண்டையைக் கனைத்தார். வெள்ளைத்துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பதிவேட்டை மூடினார்.

டின் உடனே உள்ளே போய்விடவில்லை. அரக்கு முத்திரையின் மாதிரியைத் தனித்தாளில் வைக்கவில்லை என்று முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள். மாதிரி வைத்துப் போனபோது, துணியைத் தைத்த நூலுக்கு மாதிரி இல்லை என்று இரண்டாம் தடவை அனுப்பினார்கள். மூன்றாம் தடவை நூல் இருந்தது, ஆனால் மாதிரித் தாளுக்கே முத்திரை இல்லை. இப்படி அழகர்கோவிலுக்கும் பசுமலைக்குமாக டின் பலமுறை பஸ் ஏறியது. ஒவ்வொரு தடவையும் கருத்தக்கண்ணன் டி. கல்லுப்பட்டியிலிருந்து புறப்பட்டு வந்து கூடப் போனார். கான்ஸ்டபிள் ஒவ்வொரு தடவையும் தூங்கினார். கடைசித் தடவை எல்லாம் சரியாக இருக்கிறது, டின் இனி இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னார்கள். இன்னும் ஒரு தப்பு கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று கருத்தக்கண்ணன் ஒரு கணம் நினைத்தார்.

துணை இயக்குநர் டாக்டர் உக்கிரபாண்டி வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்தார். வந்தவர்களுக்கு விஞ்ஞானத்தை விளக்குவது அவருடைய கடமைகளில் ஒன்று.

"பெரியவரே, ஒரு மனிதன் ஓர் இடத்துக்குப் போனால் எதையாவது விட்டுவிட்டுப் போவான், எதையாவது எடுத்துக்கொண்டு போவான். இதுதான் எங்கள் சாஸ்திரத்தின் ஆதாரம். ஆகவே இங்கே எதையும் தொடாதீர்கள். எதையும் விட்டுவிட்டும் போகாதீர்கள்."

"எம் மகனைத்தான் விட்டுட்டுப் போறேன் சாமி," என்றார் கருத்தக்கண்ணன்.

"அது நிரூபிக்கப்படவில்லை," என்றார் டாக்டர் உக்கிரபாண்டி.

நாலு மாதம் ஒரு தகவலும் இல்லை. ஐந்தாம் மாதம் பழுப்புக் கவரில் கடிதம் வந்தது. மருமகள் செல்லக்கிளி ஏழாவதுவரை படித்தவள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிரித்தாள். ஆய்வுக்கூட வாசல் பெஞ்சுக்கடியில் பெருக்கிச் சேகரித்த மண், மண் பிரிவில் நுண்ணோக்கியில் ஆராயப்பட்டது. அது டி. கல்லுப்பட்டி வட்டாரத்துக் கரிசல் மண் என்று ஐயத்துக்கிடமின்றித் தெரியவந்துள்ளது. அது பொருள் எண் ஆறாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. அந்த மண் பசுமலைக்கு எவ்வாறு வந்தது என்பதை நேரில் வந்து விளக்கவும்.

கருத்தக்கண்ணன் போய், "காலுல ஒட்டி வந்திருக்கும் சாமி," என்று விளக்கினார். விளக்கத்தை எழுதி வாங்கிக் கட்டைவிரல் ரேகை பதித்துக்கொண்டார்கள். அதற்குள் பெஞ்சுக்கடியில் புதிதாகக் கொஞ்சம் மண் சேர்ந்திருந்தது. வெள்ளைத்துரை அதை யாருக்கும் தெரியாமல் காலால் வாசலுக்குத் தள்ளிவிட்டார்.

அன்றுதான் போட்டோ கேட்டார்கள். காணாமல் போனவனின் முகப்படத்தை அவன் தலை அளவுக்குப் பெரிதாக்கி, மண்டை ஓட்டின் படத்தைக் கண்ணாடிபோன்ற பிலிமில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார்களாம். கண்ணுக்கு நேரே கண்குழி, மூக்குக்கு நேரே மூக்குக்குழி, பல்லுக்கு நேரே பல் வர வேண்டும். வந்தால் அவனேதான்.

கருத்தக்கண்ணனுக்கு இது நியாயமாகவே பட்டது. வீட்டில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. பெண் பார்க்கும்போது பெண் வீட்டாருக்கு அனுப்புவதற்காக மதுரையில் காஜிமார் தெரு முக்கில் நைனா முகமதுவின் ஸ்டூடியோவில் எடுத்தது. சிங்கமுகக் கைப்பிடி போட்ட நாற்காலியில் கை வைத்து விருமாண்டி நிற்பான். மேல்வரிசைப் பல் அவனுக்குக் கொஞ்சம் எடுப்பு. வாயை மூடினாலும் முன்பல் தெரியும். படத்தைப் பார்த்து டாக்டர் உக்கிரபாண்டி மகிழ்ந்துபோனார். "பல் தெரிகிறதே! பல் தெரியும் படம் லேசில் அமையாது."

பொருள் எண் ஏழு, புகைப்படம். கொடுத்தவர், கருத்தக்கண்ணன். உறவு, தகப்பன். அந்த ஒரு வார்த்தை பதிவேட்டில் ஏறியதைக் கேட்டு அவருக்குப் பாதி வேலை முடிந்ததுபோல் இருந்தது.

அடுத்த வாரம் நாற்காலி கேட்டார்கள். படத்தில் தலை எந்த அளவு என்று கணக்கிட, படத்தில் உள்ள ஏதாவது ஒரு சாமான் நிஜத்தில் எந்த அளவு என்று தெரிய வேண்டுமாம். "ஒசரத்தை நூல் பிடிச்சு அளந்து வந்து சொன்னாப் பத்தாதா சாமி?" என்று கேட்டார். அளப்பது ஆய்வுக்கூடத்தின் வேலை, கொண்டுவருவதுதான் பொதுமக்களின் வேலை என்று பதில் வந்தது.

நைனா முகமதுவுக்கு அந்த நாற்காலிதான் ஸ்டூடியோ. மேற்குச் சீமையில் பாதிக் கல்யாணங்கள் அந்தச் சிங்கத்தின் மேல் கை வைத்த படங்களைப் பார்த்து முடிந்தவை. இருந்தாலும் மறுப்புச் சொல்லாமல் அதைப் பஸ் கூரையில் ஏற்றி, தானும் கூடவே வந்தார். "மௌத்தான பிள்ளை காரியம்ணே. நாற்காலி என்ன பெருசு? ரெண்டு நாள்ல குடுத்துருவாங்கள்ல?"

பொருள் எண் எட்டு, நாற்காலி. உறவு என்ன என்று வெள்ளைத்துரை கேட்டார். "இருபது வருசமா வயித்துக்குச் சோறு போடுதுய்யா, நீங்களே பாத்து எழுதுங்க," என்றார் நைனா முகமது. உரிமையாளர் என்று எழுதினார்.

பதினோராம் மாதம் முடிவு வந்தது. காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் வாசித்துக் காட்டினார். பொருள் எண் ஏழில் காணும் நபரின் மேல்வரிசை முன்பல் முழுமையானது. பொருள் எண் ஐந்தில் அப்பல் பாதி உடைந்துள்ளது. உடைந்த விளிம்பு தேய்ந்து மழமழப்பாக இருப்பதால் அது இறப்பதற்குப் பல்லாண்டு முன்பே உடைந்தது. உடைந்த பல் வளர்வதில்லை. எனவே பொருள் எண் ஐந்து, விருமாண்டி என்பவருடையது அல்ல.

கருத்தக்கண்ணனுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

பெண் வீட்டாருக்கு அனுப்பும் படத்தில் பாதிப் பல்லோடா மகன் நிற்பான்? பார்ப்பவர்கள் எப்படி உடைந்தது என்று கேட்க மாட்டார்களா? அன்று ஸ்டூடியோவில் மகனை வெளியே அனுப்பிவிட்டு நைனா முகமதுவின் கையைப் பிடித்துக் கெஞ்சியது அவர்தான். "பாய், அந்தப் பல்லை மட்டும் முழுசாக்கிக் குடுத்துருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." நைனா முகமது நெகட்டிவ்மேல் சன்னப் பென்சிலால் பூவுக்கு நார் எடுப்பதுபோல நாலு கோடு இழுத்தார். ஒட்டிய கன்னத்தையும் கொஞ்சம் பூசிவிட்டார். ஊரில் எல்லோர் படத்துக்கும் செய்வதுதான். தார்க்குச்சியால் உடைத்ததைத் தகப்பன் பென்சிலால் ஒட்டவைத்தார். இப்போது அந்தப் பென்சில்தான் மகனைத் தட்டிப் பறித்தது.

அவர் பசுமலைக்கு ஓடினார். "படத்துல இருக்கிறது பொய்ப் பல்லு சாமி. நான்தான் போடச் சொன்னேன். நெசப் பல்லு உங்ககிட்ட இருக்கிறதுதான்."

டாக்டர் உக்கிரபாண்டி பொறுமையானவர். "பெரியவரே, மனிதன் பொய் சொல்வான். படம் பொய் சொல்லாது. ஒருவேளை படம் பொய் என்றால் பொய்யான படத்தை அரசாங்கத்திடம் கொடுத்தவர் நீங்கள். பொய் கொடுத்த ஒருவர் இப்போது சொல்வதை நான் எப்படி நம்புவது? படம் மெய் என்றால் நீங்கள் சொல்வது பொய். எப்படிப் பார்த்தாலும் நீங்கள் சொல்வதை ஏற்க வழியில்லை. இதில் எனக்குத் தனிப்பட்ட விருப்பு வெறுப்பு கிடையாது."

"அப்ப அது யாரு சாமி?"

"யார் என்று சொல்வது எங்கள் வேலை இல்லை. யார் இல்லை என்பதைத்தான் நாங்கள் உறுதியாகச் சொல்வோம். ஆய்வுக்கூடம் தொடங்கி நாலு வருஷத்தில் இருநூற்றுப் பதினொரு பேரை இன்னார் அல்ல என்று நிரூபித்திருக்கிறோம். ஒருவரையாவது இன்னார்தான் என்று சொல்லி நாங்கள் மாட்டிக்கொண்டதில்லை."

நைனா முகமது பழைய டப்பாக்களை எல்லாம் கொட்டித் தேடி நெகட்டிவைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். வெளிச்சத்தில் பிடித்தால் பென்சில் கோடு யார் கண்ணுக்கும் தெரியும். ஆனால் பென்சில், மண்டை ஓட்டுப் பிரிவின் கீழ் வராது, ஆவணப் பிரிவின் கீழ் வரும். பொருள் எண் ஒன்பதாக ஏற்று அங்கே அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து ஆவணப் பிரிவு முடிவு சொன்னது. நெகட்டிவ்மேல் பென்சில் கோடுகள் உள்ளன. அவை உயர்ந்த ரகப் பென்சிலால் தேர்ந்த கையால் போடப்பட்டவை. கோடுகளின் அடியில் என்ன இருந்தது என்பது பல் சம்பந்தப்பட்ட விஷயமாதலால் இப்பிரிவு கருத்துச் சொல்வதற்கில்லை.

நைனா முகமதுவுக்கு நாற்காலியும் போயிற்று, நெகட்டிவும் போயிற்று. வழியில் அவர் டீ வாங்கிக் கொடுத்து, "என் கையாலதானேண்ணே ஆச்சு," என்று மட்டும் சொன்னார். கருத்தக்கண்ணன் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

இதற்குள் ஊரில் விஞ்ஞானம் பரவிவிட்டது. விருமாண்டி சாகவில்லை என்று சர்க்காரே எழுதிக் கொடுத்துவிட்டதாம். சாகவில்லை என்றால் எங்கே இருக்கிறான்? இளம் பொண்டாட்டியை விட்டு ஓர் ஆண்பிள்ளை ஓடுகிறான் என்றால் சும்மாவா ஓடுவான்? ஒருவன் அவனைத் தேனியில் பார்த்ததாகச் சொன்னான். இன்னொருவன் அவனை ஒரு பெண்ணோடும் கைக்குழந்தையோடும் பார்த்தான். பஞ்சாயத்து ஆபீசில் இறப்புப் பதிய மறுத்துவிட்டார்கள். கருமாதி செய்யக்கூடாது, இருக்கிற உயிருக்கு ஆகாது என்று பங்காளிகள் தடுத்தார்கள்.

இதில் நொறுங்கியது செல்லக்கிளிதான். புருஷன் செத்தான் என்று அழவும் முடியாது, இருக்கிறான் என்று நிமிரவும் முடியாது. ஒருநாள் அடக்க மாட்டாமல் விசும்பியதற்கு, "உசிரோட இருக்கிறவனுக்கு அழுகாதடி, அவன் தலைக்கு ஆகாது," என்று பக்கத்து வீட்டுக்காரி அதட்டினாள். அன்றிலிருந்து அவள் அழுவதை நிறுத்திவிட்டாள். பொழுது சாய்ந்தால் தலைசீவிப் பொட்டு வைத்துப் பூ வைத்துக்கொள்வாள். வைக்காவிட்டால் அதற்கும் பேசுவார்கள். கருத்தக்கண்ணன் அந்த நேரத்தில் வீட்டிலிருக்க மாட்டார். மருமகள் பூ வைப்பதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

எண்பத்தோராம் வருஷம் சித்திரையில், தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சிக்குப் போய்வந்த ஒருவர், "உம்ம மகன் போட்டோவைப் பெருசாப் போட்டு வச்சிருக்காங்கப்பா," என்று சொன்னார். கருத்தக்கண்ணன் மறுநாளே போனார். ராட்டினத்துக்கும் அப்பளக் கடைக்கும் நடுவில் வட்டாரத் தடய ஆய்வுக்கூடத்தின் அரங்கு இருந்தது. நல்ல கூட்டம். கயிறு கட்டி வரிசையாக விட்டார்கள்.

உள்ளே கருநீலத் துணி விரித்த மேஜைமேல் மண்டை ஓடு இருந்தது. அதன் பக்கத்தில் ஆளுயரத்துக்கு விருமாண்டியின் படம், முழுப் பல்லோடு. மேலே ஏதோ பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. மேஜையோரம் பதிவேட்டோடு நின்ற வெள்ளைத்துரையைக் கேட்டார். வெள்ளைத்துரை குனிந்துகொண்டு வாசித்தார்.

"தவறியது மனிதன், திருத்தியது விஞ்ஞானம். இம்மண்டை ஓட்டைத் தம் மகனுடையது என்று கிராமத்துப் பெரியவர் ஒருவர் கூறினார். அல்ல என்று எமது ஆய்வுக்கூடம் நிரூபித்தது. ஒரு தந்தை வீணாக அழுவதிலிருந்து காப்பாற்றப்பட்டார்."

டாக்டர் உக்கிரபாண்டி சிங்கமுக நாற்காலியில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். "பொதுமக்கள் அஞ்ச வேண்டாம். எங்களிடம் வரும் எதுவும் தொலைவதில்லை. தும்மல் விழுந்தால்கூட எண் போட்டு வைத்திருக்கிறோம்."

கருத்தக்கண்ணன் மண்டை ஓட்டையும் படத்தையும் பார்த்தார். ஒன்றேமுக்கால் வருஷத்துக்குப் பிறகு மகனுடைய தலையும் முகமும் ஒரே இடத்தில் இருந்தன. வரிசை அவரைத் தள்ளியது. வெளியே வந்து மறுபடி டிக்கெட் எடுத்து உள்ளே போனார். அன்று சாயங்காலம்வரை அப்படியே போய்ப் போய் வந்தார்.

பொருட்காட்சியின் கடைசி நாள் மருமகளைக் கூட்டிக்கொண்டு போனார். எங்கே என்று சொல்லவில்லை. அவள் வழக்கம்போல் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். மேஜைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். படத்தை அவள் பார்க்கவே இல்லை. மண்டை ஓட்டின் பாதிப் பல்லையே பார்த்தாள்.

"மாமா," என்றாள். "போட்டோவுல இருந்த ஆளை எனக்குப் பிடிக்கல மாமா. வீட்டுல சொன்னதுக்காகத் தலையாட்டுனேன். மணவடையில உக்காந்து என்னையப் பாத்துச் சிரிச்சாரு பாருங்க. அந்த ஒடஞ்ச பல்லைப் பாத்தப்புறந்தான் பிடிச்சுது."

பதின்மூன்று வருஷமாக அந்தப் பல்லுக்காகக் கருத்தக்கண்ணன் வெந்த வேக்காடு அவருக்குத்தான் தெரியும். அது ஒருத்திக்குப் பிடித்திருந்தது என்று அவனாவது ஒரு நாள் அவரிடம் சொல்லியிருக்கலாம்.

செல்லக்கிளி கூந்தலில் இருந்த பூவை உருவி மண்டை ஓட்டுக்கு முன்னால் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே குலுங்கி அழுதாள். வரிசை நின்றுவிட்டது.

டாக்டர் உக்கிரபாண்டி ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டார். "அழக்கூடாதம்மா. இது உன் புருஷன் இல்லை என்று நிரூபித்திருக்கிறோம். அதோ எழுதியிருக்கிறது பார். வெள்ளைத்துரை, காட்சிப் பொருள்மேல் என்ன அது?"

"பூ சார்."

"பொருளோடு சேர்ந்தது பொருளே. கவரில் போட்டுப் பதிவு செய்யும்." பேச்சைத் தொடர்ந்தார்.

வெள்ளைத்துரை ஒரு பழுப்புக் கவரை எடுத்தார். பூவை அதில் போடுவதற்கு அவருக்கு நேரம் பிடித்தது. பதிவேட்டைத் திறந்து, பொருள் எண் பத்து என்று எழுதினார். மல்லிகைப் பூ, ஒரு முழம். கொடுத்தவர், செல்லக்கிளி.

"உறவுன்னு ஒரு கட்டம் இருக்கும்மா," என்றார் மெதுவாக. "காலியா விடக்கூடாது. என்ன எழுத?"

செல்லக்கிளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பூ அவருக்கு. அவரு எம் புருசன்."

வெள்ளைத்துரை தலையைத் தூக்கி நாற்காலியைப் பார்த்தார். பிறகு குனிந்து, அவள் சொன்னபடியே எழுதினார். பக்கம் நிறைந்திருந்தது. பதிவேட்டை நாற்காலிக்குக் கொண்டுபோய் நீட்டினார். ஆய்வுக்கூடத்தில் தவறு நேர்வதற்கு வழியே கிடையாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்த டாக்டர் உக்கிரபாண்டி, பேச்சை நிறுத்தாமல், எழுதியிருந்ததைப் பார்க்காமல் கீழே கையெழுத்துப் போட்டார்.

வெள்ளைத்துரை அதற்குமேல் ஆய்வுக்கூட முத்திரையைக் குத்திவிட்டுக் கருத்தக்கண்ணனிடம் வந்தார்.

"என்னய்யா எழுதியிருக்கு?" என்று அவர் கேட்டார்.

வெள்ளைத்துரை ராட்டினத்துச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, அவர் காதருகே குனிந்து வாசித்தார். "பொருள் எண் பத்து. மல்லிகைப் பூ, ஒரு முழம். பொருள் எண் ஐந்தாகிய தன் கணவருக்கு அவர் மனைவி செல்லக்கிளி வைத்தது."

"அதுக்குக் கீழ?"

"துணை இயக்குநர் கையெழுத்து. சர்க்கார் முத்திரை."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். கருத்தக்கண்ணன் நகரவில்லை. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மண்டை ஓட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"இன்னொரு தரம் வாசிங்கய்யா," என்றார். "அவனுக்குக் கேக்கிற மாதிரி."